பீமாராவுக்கு இல்லாத நோய்கள்

பீமாராவை எனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தெரியும். பொய் சொல்லத் தெரியாதவன் என்று அவனைப் பற்றி எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த ஆனி மாதத்தில் பதினைந்தே நாளில் அவன் சொன்ன பொய்களைக் கேட்ட பிறகு அப்படி எழுதினால் எனக்கே சிரிப்பு வரும்.

செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரத்தில் வீடு. வயது முப்பத்தொன்பது. பதினைந்து வருடமாக லைன் லாரி ஓட்டுகிறான், அதாவது மாநிலம் விட்டு மாநிலம் போகும் வண்டி. சென்னைத் துறைமுகத்தில் லோடு ஏற்றினால் நாக்பூர், இந்தூர், சில சமயம் அதற்கும் மேலே. மாதத்தில் இரண்டு நாள் வீட்டில் இருப்பான். அதில் ஒரு நாள் தூங்கியே கழிப்பான். செஞ்சியில் லைன் டிரைவர்களுக்கு ஒரு கெத்து உண்டு. இங்கேயே ஜல்லியும் செங்கல்லும் ஏற்றி ஓட்டுகிறவர்களை 'லோக்கல்' என்பார்கள். அதை அவர்கள் சொல்லும்போது உதடு போகிற கோணலை என்னால் எழுதிக் காட்ட முடியாது.

அவன் மனைவி கலைச்செல்வி லேப் டெக்னீஷியன் படித்தவள். அரசு வேலைக்கு எழுதிப்போட்டு எழுதிப்போட்டு, கல்யாணமாகிப் பத்தாவது வருடம் ஆர்டர் வந்தது. மேல்மலையனூர் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துச் சோதிக்கிற வேலை. பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும். அந்த ஆர்டரை என் ஜெராக்ஸ் கடையில் பத்து நகல் எடுத்தாள். "ரெண்டு போதும்மா" என்றேன். "இருக்கட்டும்ணா" என்று பத்தையும் வாங்கிக்கொண்டு, கடை வாசலிலேயே நின்று இன்னொரு முறை படித்தாள்.

சிக்கல் மகள் கலைமதி. மூன்றாம் வகுப்பு, என் கடைக்கு எதிரே இருக்கும் பள்ளியில். காலையில் கலைச்செல்வியே பிள்ளையை விட்டுவிட்டு பஸ் ஏறிவிடலாம். ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு பள்ளி விட்டுவிடும். அவள் திரும்பி வர ஆறரை ஆகும். அமாவாசை என்றால் அங்காளம்மன் கோயில் கூட்டத்தில் பஸ்ஸில் காலே வைக்க முடியாது. அவளுடைய அம்மா பனமலையில் படுத்த படுக்கையான கணவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டில் ஒரு நாள் பார்த்துக்கொள்வார்கள், இரண்டு நாள் பார்த்துக்கொள்வார்கள். வருடம் முழுக்க யார் பார்ப்பார்கள்?

"நீ போய் சேரு. நான் உள்ளூர்ல வண்டி பாத்துக்கிறேன்" என்று பீமாராவ் நாக்பூரிலிருந்து போனில் சொன்னான். அந்த ஒரு வார்த்தைக்காக அவனை இன்றைக்கும் மெச்சுகிறேன். லாரியை ஒரு மாற்று டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டு நாலாம் நாள் வந்து இறங்கினான்.

வந்து இறங்கிய பிறகுதான் கோளாறு ஆரம்பித்தது.

முதலில் போனது ஜல்லி கிரஷருக்கு. ஓனர் இளவழகன் ஆச்சரியப்பட்டார். "லைனை வுட்டுட்டு ஏம்ப்பா இங்க வர்ற? அதுவும் நாலு மணிக்கெல்லாம் எறங்கணுங்கிற?" சுற்றிலும் நாலைந்து டிரைவர்கள் நின்றிருந்தார்கள். எல்லாம் தெரிந்த முகங்கள். பீமாராவுக்குத் தொண்டை வரை வந்தது உள்ளே போய்விட்டது.

"முதுகு வலி சார்."

"முதுகு வலியா? இந்த டிப்பர்ல உக்காந்தா நல்லா இருக்கிற முதுகே போயிடும். நீ வேற எடம் பாருப்பா."

அடுத்து நெல் மண்டி. வண்டி வைத்திருக்கும் பச்சமுத்து, "மூட்டை எடை போட்டு ஏத்தவே பொழுது சாஞ்சிடும்" என்றார். முதுகு வலியில் சூடுபட்டவன், இந்த முறை உறுப்பை மாற்றினான். "பொழுது சாஞ்சா கண்ணு கூசுதுங்க. அதான் வெளிச்சத்துலயே முடிச்சிக்கலாம்னு..." பச்சமுத்து ஒரு டீ வாங்கிக்கொடுத்து, பத்திரமாக ரோட்டைக் கடக்கச் சொல்லி அனுப்பிவைத்தார். செங்கல் சூளையில் அவன் சர்க்கரை வியாதி என்றான். அங்கே டீயும் கிடைக்கவில்லை.

வேலைதான் கிடைக்கவில்லையே தவிர, செய்தி நன்றாகப் பரவியது. வியாழக்கிழமைக்குள் லாரி செட்டில் பாதிப் பேருக்கு பீமாராவின் முதுகைப் பற்றித் தெரியும், மீதிப் பேருக்கு அவன் கண்ணைப் பற்றித் தெரியும். பழைய கூட்டாளி கன்னியப்பன் இரண்டு இளநீரோடு வீட்டுக்கே போய் உட்கார்ந்து, "ஆண்டவன் இருக்கிறான்டா" என்று சொல்லிவிட்டு வந்தான். காய்கறிக்காரம்மா கலைச்செல்வியை நடுரோட்டில் நிறுத்தி, "ஒங்க வூட்டுக்காரருக்கு ரெண்டு கண்ணும் போயிடுச்சாமே?" என்று கேட்டாள்.

இதுவரைக்கும் நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கெடுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது கலைச்செல்வி கடைக்கு வந்தாள். கையில் ஒரு தாள். வேலையில் சேர விருப்பமில்லை என்று எழுதியிருந்தது. டைப் அடித்துத் தரச் சொன்னாள்.

"இன்னாம்மா இது?"

"அவரு எங்கியும் வேல கெடைக்காததுக்குக் காரணம் எங்கிட்ட சொல்லலண்ணா. ஊரு சொல்லிச்சி. நோவுன்னு சொல்ல வெக்கமில்ல. எம் பொண்டாட்டி வேலைக்குப் போறான்னு சொல்லத்தான் வெக்கம். அவரு வெக்கப்படுற வேல எனக்கு எதுக்கு?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல், தாளை வாங்கி வைத்துக்கொண்டு, பிரிண்டரில் மை தீர்ந்துவிட்டது, திங்கட்கிழமைதான் வரும் என்றேன். பொய் எனக்கும் வருகிறது பாருங்கள்.

அவள் போனதும் பீமாராவைக் கடைக்கு வரச் சொன்னேன். வந்தவனை உட்காரக்கூட விடவில்லை. அந்தத் தாளை அவன் கையில் கொடுத்தேன். படித்தான். கண் நன்றாகத்தான் தெரிந்தது.

"டேய், அவனுங்க முன்னால எப்படிடா சொல்றது? புள்ளய இஸ்துக்கினு வர்றதுக்காக லைனை வுட்டேன்னா, லோக்கலுக்கும் கீழ பேசுவானுங்கடா."

"பதினாலு சக்கரத்த நாக்பூர் வரைக்கும் ஓட்டத் தெரியுது. ஒரு வரிய ஓட்டத் தெரியல. பத்து வருசமா அவ உன் வூட்ட தனியா ஓட்டுனாளே, யாராவது அவ முதுகு எப்படி இருக்குதுன்னு கேட்டீங்களா?"

நான் மட்டும் பெரிய யோக்கியனா என்றால், இல்லை. இந்தக் கடையில் பாதி வேலை என் மனைவி செய்கிறாள். யாராவது கேட்டால் "பொழுது போகலன்னு வந்து உக்காருது" என்றுதான் இத்தனை வருடமும் சொல்லியிருக்கிறேன். அவனைத் திட்டும்போது அது நினைவுக்கு வந்து, குரலைக் குறைத்துக்கொண்டேன்.

ராஜாம்பாள் என்று ஒருவர் இருக்கிறார். மூன்று லாரி வைத்து, குடோனிலிருந்து ரேஷன் கடைகளுக்கு அரிசி, சர்க்கரை எடுத்துப்போகிற ஒப்பந்தம் செய்கிறார். ரேஷன் கடை மூடுவதற்குள் மூட்டையை இறக்கியாக வேண்டும் என்பதால் அது பகல் வேலை. அவரிடம் ஒரு டிரைவர் வேலையை விட்டு நின்றுவிட்டதாகக் கேள்விப்பட்டு, மறுநாள் நானும் கூடப் போனேன். தனியாக விட்டால் இவன் மூல வியாதி என்று சொல்லிவிடுவான் என்ற பயம்.

ராஜாம்பாளுக்கும் செய்தி போயிருந்தது. நாற்காலியை விட்டு எழாமல், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு வேனைக் காட்டினார்.

"அந்த வண்டி நம்பர படி."

படித்தான். அதன் பின்னால் நின்ற பைக் நம்பரையும் சேர்த்தே படித்தான்.

"அப்ப ஒனக்கு இன்னாதான்யா நோவு?"

மூட்டை ஏற்றும் ஆட்கள் ஏழெட்டுப் பேர், இரண்டு டிரைவர்கள், எல்லோரும் இவன் பக்கம் திரும்பிவிட்டார்கள். பீமாராவ் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ஒரு நோவும் இல்லம்மா. எம் பொண்டாட்டிக்கு கவருமெண்டு வேல கெடச்சிருக்குது. லேப் டெக்னீஷியன். அவ வர ஆறரை ஆவும். எம் பொண்ணுக்கு நாலு மணிக்கு ஸ்கூலு வுடுது. நான்தான் போய் கூட்டியாரணும். அதுக்குத்தான் லைனை வுட்டேன்."

மூட்டைக்காரர்களில் ஒருவர் சிரித்தார். ராஜாம்பாள் அவரைத் திரும்பிப் பார்த்தார், சிரிப்பு நின்றது.

"இத சொல்றதுக்கு ஒனக்கு இத்தினி நோவு தேவப்பட்டுதா?" என்றார். "காலைல எட்டு மணிக்கு வண்டிய எடு. மூணரைக்கு செட்ல வுட்டுடலாம். மாசக் கடைசில ரெண்டு நாளு மட்டும் அஞ்சாயிடும்."

"அஞ்சு ஆவாதும்மா" என்றான் பீமாராவ். கிடைத்த வேலையையும் கெடுத்துக்கொள்கிறானே என்று அவன் முதுகில் இடித்தேன். அவன் நகரவில்லை. "அந்த ரெண்டு நாளும் ஆறு மணிக்கே வந்து எடுத்துக்கிறேன். நாலுன்னா நாலு."

"சரி, ஆறுக்கு வா" என்றார் அவர்.

சம்பளம் லைனில் வந்ததைவிடக் குறைவுதான். அன்றைக்கு அதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

எல்லோர் முன்னாலும் அவன் சொன்னதை ஊரே கலைச்செல்வியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. டைப் அடிக்கக் கொடுத்த தாளை அவள் திரும்பக் கேட்கவில்லை, திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள். அன்று நாலு அடித்துப் பத்து நிமிடம் இருக்கும், பீமாராவ் மூச்சு வாங்க ஓடிவந்து பள்ளி கேட்டில் நின்றான். கோட்டை பார்க்க வந்த சுற்றுலா பஸ் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு திரும்பியதில் நேரமாகிவிட்டதாம். கேட்டில் நிற்கும் பூவாயி அவனை இதற்கு முன் பார்த்ததில்லை. "யாரு நீங்க?" என்றாள்.

பழக்கதோஷம். "டிரைவரும்மா" என்றான்.

"எந்த வேனு?"

"வேனு இல்ல... நான் கலைமதியோட நைனா."

"எந்த செக்‌ஷனு?"

மூணாவது என்று தெரியும். ஏ-வா, பி-யா என்று அவனுக்குத் தெரியவில்லை. கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நான் எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். அதற்குள் உள்ளே மரத்தடியில் உட்கார்ந்திருந்த கலைமதி பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மாதத்தில் இரண்டு நாள் வருகிற நைனாவிடம் அவள் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. வாங்கிவந்த பொம்மைக்கு நன்றி சொல்கிற அடக்கமான பிள்ளை. அன்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எவ்ளோ நேரம் உக்காந்துக்கினு இருக்கிறது? அம்மான்னா கரெக்டா நாலு மணிக்கு வந்துடும். உனக்கு டைமே தெரியாதா நைனா?"

பூவாயி கேட்டைத் திறந்துவிட்டாள். இவன் மகளிடம் திட்டு வாங்கிக்கொண்டு, அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நடந்து போனான்.