சேனாபதி கத்திய வார்த்தை

மில்பிடாஸில் எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்தில் நாலு வயதுக் குழந்தை தனியாக சைக்கிள் ஓட்டிப் போனால், அது சேனாபதியிடம் பழகிய குழந்தை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். அவர் பெருந்துறைக்காரர். சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனியில் டெக்னீஷியன், ஐம்பதைத் தொடும் வயது. வாரம் முழுக்க பூதக்கண்ணாடிக்குக் கீழே கம்பி பற்றவைத்துவிட்டு, சனிக்கிழமை காலையானால் பெடல் இல்லாத ஐந்து குட்டி சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு நடைபாதைக்கு வந்துவிடுவார். சொந்த மகள் தென்றல் டெக்சாஸில் காலேஜுக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

பேலன்ஸ் பைக் என்று இங்கே சொல்வார்கள். குழந்தை அதில் உட்கார்ந்து காலால் தரையைத் தள்ளித் தள்ளிப் போகும். வேகம் வந்ததும் காலைத் தூக்கி நடுவில் இருக்கும் சின்னப் பலகையில் வைத்துக்கொள்ளும். பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் இரண்டு காலையும் தரையில் ஊன்ற வேண்டியதுதான். பின்சக்கரத்துக்கு இருபுறமும் குட்டிச் சக்கரம் மாட்டுவது அவருக்குப் பிடிக்காது. அதில் பெடல் மிதிக்க வருமே தவிர விழாமல் இருக்க வராது என்பார். அப்பாக்கள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினால் முகம் சுருங்கிவிடும். முதல் இரண்டு வாரம் அவர் கற்றுக்கொடுப்பதே நிற்பதற்குத்தான். 'ஸ்டாப்' என்றால் கால் கீழே. நூறு தடவை, இருநூறு தடவை, சலிக்காமல்.

நான் ராஜலக்ஷ்மி. ஞாயிற்றுக்கிழமைகளில் இதே வளாகத்துக் கிளப் ஹவுஸில் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பெருந்துறையிலிருந்து வந்த மனுஷன் தமிழ்க் குழந்தைகளிடம் 'ஸ்டாப், ஸ்டாப்' என்று கத்துவதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்லியேவிட்டேன்.

"ஏன் சேனாபதி, உங்க ஊர்ல நில்லுன்னு சொன்னா வண்டி நிக்காதா? நான் ஞாயித்துக்கிழமை சொல்லித் தர்றதை நீங்க சனிக்கிழமை கெடுக்கறீங்களே."

பெற்றோர்கள் சிரித்தார்கள். அவரும் காது சிவக்கச் சிரித்தார். மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். வாரம் முழுக்க, வேலை முடிந்து வந்ததும் குழந்தைகளைக் கூட்டி 'நில்லு' என்றே சொல்லிப் பழக்கினார். அந்தக் குழந்தைகள் வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தவர்கள், டக்கென்று நின்றார்கள். எனக்கு அப்படி ஒரு பெருமை.

எங்கள் வளாகத்து விஷாகாவின் மகள் ரோஷினியும் அவரிடம் 'ஸ்டாப்' கேட்டுப் பழகியவள்தான். அந்த வாரம் ஜலதோஷத்தில் படுத்திருந்தாள். அவர்கள் வீட்டில் எல்லோரும் ஆங்கிலம்தான். அவளுக்குத் தெரிந்த தமிழெல்லாம் என் வகுப்பில் கற்றது. அடுத்த சனிக்கிழமை அவள் வந்தபோது இதை யோசிக்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

நடைபாதை ஒரு இடத்தில் சரிந்து பார்க்கிங்கில் போய் முடியும். சேனாபதி எப்போதும் அந்தச் சரிவின் அடியில்தான் நிற்பார். அன்று ஒரு குழந்தையின் ஹெல்மெட் வார் அவிழ்ந்துவிட்டதென்று மேலே வந்திருந்தார். அரை நிமிஷம் இருக்கும். ரோஷினி காலைப் பலகையில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். கீழே ஒரு கார் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. சேனாபதி "நில்லு" என்று கத்திக்கொண்டே ஓடினார். குழந்தை காலைக் கீழே ஊன்றவில்லை. பலகைமேல் எழுந்து நின்றாள். அவர் மறுபடியும் கத்தினார். அவள் இன்னும் நிமிர்ந்து, விறைப்பாக நின்றபடியே காருக்குப் பின்னால் போனாள்.

உயிருக்கு ஆபத்தில்லை. வலது முட்டிக்கு மேலே, எலும்பு வளர்கிற இடம் நசுங்கிவிட்டது. வளர வளர அந்தக் கால் குட்டையாகிக்கொண்டே வரும், பல ஆபரேஷன்கள் வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனேன். விஷாகா என்னை உட்காரவைத்துவிட்டு நர்ஸிடம் பேசப் போனாள். ஏன் கண்ணா நிறுத்தவில்லை என்று குழந்தையிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அங்கிள் செட் ஸ்டாண்ட். ஸோ ஐ ஸ்டுட் அப்." பிறகு மெதுவாக, "ஐ வாஸ் ஃபர்ஸ்ட்" என்றாள்.

என் வகுப்பில் ஒரு விளையாட்டு உண்டு. 'உட்கார்' என்றால் உட்கார வேண்டும், 'நில்' என்றால் எழுந்து நிற்க வேண்டும், முதலில் எழுபவருக்கு ஸ்டிக்கர். ரோஷினிதான் எப்போதும் முதலில் எழுவாள். நிறுத்துவதற்கும் அதே சொல்தான் என்று நான் அவளுக்குச் சொல்லித்தரவே இல்லை.

அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம். சேனாபதி போன் பார்த்துக்கொண்டிருந்தார் என்றார் ஒருவர். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள லைசென்ஸ் இல்லாதவரிடம் குழந்தையை விட்டது நம் தப்பு என்றார் இன்னொருவர். விஷாகா அழுதுகொண்டே, அவர் முகத்தில் இனி விழிக்கவே மாட்டேன் என்றாள். சேனாபதி எழுந்து, தப்பு தன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு உண்மை தெரியும். வாயைத் திறக்கவில்லை. எதற்கும் முந்திக்கொள்ளும் வாய், அன்று பயத்தில் ஒட்டிக்கொண்டது. என்னைப் போல ஒரு கோழை அந்த அறையில் இல்லை.

பத்து நாள் பொறுத்தேன். அதற்குமேல் சோறு இறங்கவில்லை. ஒரு சாயங்காலம் அவர் கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். ஐந்து சைக்கிளையும் பிரித்துச் சக்கரம் வேறு, கம்பி வேறாகக் குப்பைக்குக் கட்டிக்கொண்டிருந்தார். ரோஷினி சொன்னது, என் விளையாட்டு, ஸ்டிக்கர் எல்லாவற்றையும் சொன்னேன். விஷாகாவிடமும் மற்றவர்களிடமும் நானே போய்ச் சொல்வதாகச் சொன்னேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கயிற்றை இறுக்கிக்கொண்டே பேசினார்.

"தெரியுமுங்க டீச்சர். பாப்பா எந்திரிச்சு நின்னப்பவே வெளங்கிருச்சு. ஸ்டாப்புன்னு ஒரு சத்தம் போட்டிருந்தா காலை ஊனியிருக்கும். அதுக்கு நேரமும் இருந்துச்சுங்க."

முடிச்சைப் போட்டுவிட்டு அடுத்த கட்டை எடுத்தார்.

"ரெண்டாவது தடவையும் நில்லுன்னுதானுங்க கத்துனேன். நீங்க சொன்னீங்கன்னு ஒரு வாரமா வாயைப் பழக்கி வெச்சிருந்தனுங்க. அவசரத்துல வேற வார்த்தை வரலை."