றுமேனியாவுக்கு ஒரு பெட்டி சவுக்காரம்

"...உடுப்பை விடு, உடுப்பு எப்பிடியும் ஆரும் குடுப்பினம். சவுக்காரத்துக்கு அதுகள் எங்கை போகுங்கள்? மெழுகுதிரியை அடியிலை வை பிள்ளை, மேலை வைச்சா முறிஞ்சு போகும்."

அம்மாவின் குரல் எப்போதும் பெரியது. அன்று அது அந்த நிலக்கீழ் மண்டபம் முழுக்கக் கேட்டது. நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியேறிய மல்வேர்னில் வெள்ளைக்காரரின் தேவாலயம் ஒன்றில், அவர்கள் ஆராதனை முடித்துப் போன பின்னேரங்களில் எங்கள் தமிழ்ச் சபை கூடும். கம்யூனிச ஆட்சி விழுந்த றுமேனியாவிலிருந்து ஒரு போதகர் வந்திருந்தார். இடித்த தேவாலயத்தைத் திரும்பக் கட்டுகிறார்களாம், வேதாகமம் போதாதாம், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பனிக்காலச் சப்பாத்து இல்லையாம். குடும்பத்துக்கு ஒரு பெட்டி என்று சபையில் கேட்டிருந்தார்கள்.

மற்றவர்களின் பெட்டிகளில் கேட்டது இருந்தது. எங்கள் பெட்டியில் உடுப்புத் தோய்க்கிற சவுக்காரம், மெழுகுதிரி, பற்றறி, பனடோல் மாத்திரை.

"அக்கா றுமேனியாவுக்கும் பொருளாதாரத் தடை போட்டிட்டா," என்றார் மாமா. மண்டபமே சிரித்தது.

யுத்தம் நடந்த அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்துக்கு இந்தச் சாமான்களைப் போகவிடாமல் அரசாங்கம் தடுத்து வைத்திருந்தது. சித்தி அங்கேதான் இருந்தார். அம்மா தன் தங்கைக்கு அனுப்பிய பார்சல் கொழும்பைத் தாண்டாமல் திரும்பி வந்திருந்தது. இதெல்லாம் எனக்கும் தெரியும். பெரியவர்கள் போனில் சத்தம் போட்டுக் கதைக்கிற விஷயங்களில் ஒன்றாகத் தெரியும், அவ்வளவுதான். பதினொரு வயதில் எனக்குப் பெரிதாகப் பட்டது பக்கத்து மேசை. அங்கே என் வகுப்புத் தோழி, கடைப்பெட்டி பிரிக்காத புதுச் சப்பாத்துகளோடு நின்று எங்கள் சவுக்காரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் காது இரண்டும் கொதித்தன.

போதகர் எங்கள் மேசைக்கு வந்தார். ஒரு மெழுகுதிரியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, மனம் நோகாமல், தட்டுத் தடுமாறிய ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். என்னவாம் என்று அம்மா என்னைத்தான் கேட்டார்.

"அங்கை கரண்ட் இருக்காம்," என்றேன். "சவுக்காரமும் கடையிலை இருக்காம்."

நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது. அம்மாவுக்கோ ஒன்றும் ஆகவில்லை.

"அதை விடு. உந்தப் பெட்டி சரியாப் போய்ச் சேருமோ எண்டு கேள்."

கடவுளின் ஊழியக்காரரிடம் கேட்கிற கேள்வியா அது? நிலத்தைப் பார்த்தபடி கேட்டேன். கப்பலிலிருந்து இறக்கினதும் லொறியோடு தானும் போவாராம், தன் கையாலேயே வீடு வீடாகக் கொடுப்பாராம்.

"வழியிலை ஆரும் மறிக்க மாட்டினமோ?"

அதையும் கேட்டேன். அவர் நெஞ்சில் கை வைத்து, இல்லை என்று தலையாட்டினார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

இனியாவது அம்மா அந்த மெழுகுதிரிகளை வெளியே எடுப்பார், நாங்களும் மற்றவர்களைப்போல ஆகிவிடுவோம் என்று நம்பினேன். இத்தனை பேர் சிரித்த பிறகும், வழியில் யாரும் மறிக்க மாட்டார்கள் என்று அறிந்ததும், நல்ல சேதி வந்த வீட்டுக்காரியைப்போல அம்மாவின் முகம் ஏன் அப்படி மலர்ந்தது என்பது எனக்கு விளங்கவில்லை.

போதகர் மேசையில் வைத்த மெழுகுதிரியை எடுத்து, அம்மா பழையபடி பெட்டிக்குள் செருகினார். பையில் மிச்சமிருந்த சவுக்காரக் கட்டிகளையும் அதன்மேல் அடுக்கினார். மூடி மூட மறுத்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்து, இன்னும் சிரித்து முடியாத மாமாவிடம் பெட்டி ஒட்டுகிற ரேப்புக்குக் கையை நீட்டினார்.