மூன்று ஷிஃப்ட் வீட்டில் ஒரு மீன் தொட்டி

மீன் வளர்த்தால் மனசுக்கு நிம்மதி என்று யாராவது சொன்னால், அவர் இன்னும் வளர்க்க ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம். வளர்த்துக்கொண்டிருக்கும் சகபாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் என் பங்குக்குப் புலம்பிக்கொள்கிறேன்.

நான் ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறேன். திருமங்கலம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். மனைவி செல்விக்குச் சொந்த ஊர் கல்லாவி. அவளுக்கு செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. அவள் தம்பி முருகன் டயர் கம்பெனிக்குப் போகிறான், எங்களோடுதான் இருக்கிறான். மூன்று பேருக்கும் மூன்று ஷிஃப்ட். வீட்டில் எப்போதும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்போம், ஒருவர் கிளம்பிக்கொண்டிருப்போம். பேசிச் சிரிக்க வீட்டில் ஏதாவது இருக்கட்டுமே என்றுதான் தொட்டி வாங்கினோம்.

சீலிங் யாருடையது

எங்களுடையது மாடி. கீழே ஹவுஸ் ஓனர் நாராயணப்பா. அவர் வீட்டில் பேசுவது தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களைப் போலக் குடியிருப்பவர்களைத் திட்டுவதற்கென்று தமிழ். மூன்றடிக் கண்ணாடித் தொட்டியை நானும் முருகனும் மூச்சு வாங்கப் படியேற்றிக்கொண்டிருந்தபோது குறுக்கே வந்து நின்றார்.

"உள்ள என்னா வெப்பீங்க?"

"மீனுங்கய்யா."

"மீனு சரி. தண்ணி எவ்ளோ?"

ஏழெட்டுக் குடம் பிடிக்கும் என்றேன். உடனே திரும்பித் தன் வீட்டு ஹாலை எட்டிப் பார்த்தார். அப்போதுதான் அங்கே புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தார். பிறகு தீர்ப்புச் சொல்வது போல நிதானமாகச் சொன்னார்: "மீனு உன்னுது, சீலிங் என்னுது. ஒரு சொட்டு கீழ வந்துச்சுன்னா அன்னிக்கே தொட்டி வெளிய போயிரணும், ஆமா."

யார் தீனி போட்டது?

மீன்களைப் போல நடிக்கத் தெரிந்த ஜீவன் உலகத்தில் கிடையாது. விடியற்காலையில் கிளம்பும் செல்வியைப் பார்த்தால் கண்ணாடியில் வந்து முட்டும். பாவம், ராத்திரி முழுக்கப் பட்டினி என்று அவள் ஒரு சிட்டிகை போடுவாள். நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் முருகனிடமும் அதே முட்டல், அவனும் ஒரு சிட்டிகை. மத்தியானம் கிளம்பும் நான் மட்டும் என்ன கல்நெஞ்சக்காரனா? ஒரு மாதத்தில் ஏஞ்சல் மீன்களுக்குத் தொப்பை போட்டுவிட்டது, தண்ணீர் கஞ்சியாகிவிட்டது.

செல்வி ஒரு வழி கண்டுபிடித்தாள். தீனி போட்டவர் தொட்டி மூடியின் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைக்க வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் வேலை முடிந்து தாகத்தோடு வரும் முருகன் அந்த டம்ளரிலேயே தண்ணீர் குடித்துவிட்டு, நிமிர்த்தி வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வான். நான் எழுந்து பார்த்துவிட்டு மறுபடியும் போடுவேன்.

விஷயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்துக்கு வந்தது. செல்வி திட்டுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் தொட்டியையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "நாம மூணு பேரும் ஒண்ணா உக்காந்து சாப்ட்டு எவ்ளோ நாளாச்சு? இதுங்க மட்டும் எல்லார் கூடவும் ஒவ்வொரு வேளை சாப்ட்டுக்கிட்டு ஜாலியா இருக்குதுங்க."

கம்பெனிச் சுத்தம்

எங்கள் கம்பெனியில் சுத்தத்துக்கு ஒரு பயிற்சி நடந்தது. மெஷினுக்கு அடியில் ஒரு சொட்டு எண்ணெய் இருக்கக்கூடாது, தரையில் முகம் தெரிய வேண்டும். பரிசாக ஒரு டிபன் பாக்ஸும் கொடுத்தார்கள். அந்த மிதப்பில் வீட்டுக்கு வந்த நான், மீன்களை வாளியில் விட்டுவிட்டு, கூழாங்கல், செடி, ஃபில்டர் பஞ்சு எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டுத் தேய்த்து எடுத்தேன். புது போர் தண்ணீர் நிரப்பினேன். தொட்டி பளபளவென்று நின்றது. இரண்டே நாளில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. கப்பி மீன்களில் பாதிக்குமேல் செத்துப்போய்விட்டன.

மனசு கேட்காமல் மீன் கடை பாயிடம் ஓடினேன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் சின்னக் கடை வைத்திருப்பவர். பழைய தண்ணீரும் பஞ்சிலிருக்கும் வழவழப்பும்தான் மீனுக்குக் காவல் என்று விளக்கினார். கால்வாசித் தண்ணீர்தான் மாற்ற வேண்டுமாம், பஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே அலச வேண்டுமாம். நான் வாராவாரம் இப்படித்தான் கழுவலாமென்று இருந்தேன் என்றேன். பாய் கப்பிகளைப் பையில் பிடித்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "தாராளமா கழுவுங்க தம்பி, உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா நான் இன்னொரு கடை போட்ருவேன்."

கரன்ட் போன சாயங்காலம்

மின்சாரம் போனால் காற்று மோட்டார் நின்றுவிடும், மீனுக்கு மூச்சு முட்டும். எனக்கு லீவான ஒரு சாயங்காலம் கரன்ட் போய் வரவே காணோம். முருகன் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து திரும்ப அதிலேயே ஊற்றிக்கொண்டிருந்தான். கை வலித்தால் நான், எனக்கு வலித்தால் அவன். மெழுகுவத்தி கேட்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே நின்று வெகுநேரம் வேடிக்கை பார்த்தார். பிறகு ரொம்ப அக்கறையாகச் சொன்னார்: "ஆறியிருக்கும் தம்பி, போதும். எடுத்துக் குடிங்க."

பொங்கல் லீவு

பொங்கல் வந்தால் ஓசூர் பாதி காலி. எல்லோரும் அவரவர் ஊருக்கு பஸ் ஏறிவிடுவோம். மீனுக்கு யார் தீனி போடுவது? தெரிந்தவர்கள் அத்தனை பேரும் எங்களுக்கு முன்பே மூட்டை கட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர் நாராயணப்பா ஒருவர்தான். திருடன் கையில் சாவி கொடுத்த கதையாகிவிடுமோ என்று பயந்துகொண்டேதான் வீட்டுச் சாவியைக் கொடுத்தேன். அவர் இரண்டு விரலால் வாங்கிக்கொண்டார், முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது. தொட்டிக்கு முன்னால் அவர் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் நாராயணப்பா. "ரா நாயனா, ரா" என்று கறுப்பு மோலி மீனைத் தெலுங்கில் கூப்பிட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தார். அவர் விரல் போன பக்கமெல்லாம் அது போனது. எங்களைப் பார்த்ததும் விருட்டென்று எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "தொட்டி ஒழுகுதான்னு பாத்துகினு இருந்தேன், வேற ஒண்ணுமில்ல."

ஒழுகிய நாள்

கடைசியில் அந்த நாளும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை முருகன் டியூப் போட்டுத் தொட்டித் தண்ணீரை வாளிக்கு இறக்கிக்கொண்டிருந்தான். ஓவர்டைமுக்கு வர முடியுமா என்று கம்பெனியிலிருந்து போன். சிக்னல் கிடைக்காமல் மொட்டை மாடிக்குப் போய்விட்டான். நான் குளித்துக்கொண்டிருந்தேன், செல்வி அடுப்படியில். வாளி நிரம்பி, ஹால் நிரம்பி, தண்ணீர் வழி தேடிக் கீழே இறங்கிவிட்டது.

நாராயணப்பா வந்து நின்றபோது அவர் தோள் நனைந்திருந்தது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் முழித்திருந்து சிரித்ததெல்லாம் அந்தத் தொட்டிக்கு முன்னால்தான். அது போனால் வீடு மறுபடியும் லாட்ஜ் ஆகிவிடும்.

"நான் என்னா சொல்லியிருந்தேன்?" என்றார்.

செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. மெதுவாகத்தான் சொன்னாள்: "சொன்னது சொன்னதுதாங்கய்யா. இன்னிக்கே பாய் கடையில குடுத்துர்றோம்."

"கடைக்கா?" என்று அதட்டினார். அவர் குரல் கேட்டதும் மோலி கண்ணாடிக்கு வந்து நின்றது. அவர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், ஈரத் தரையைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டியின் ஒரு மூலையைப் பிடித்தார்: "அன்னிக்கே வெளிய போவணும்னு சொன்னேன், போவட்டும். எங்க ஹால்ல கொண்டாந்து வெய்யி. அங்க ஒழுகுனா மண்ணுக்குத்தான் போவும்."

ஆக, சகபாவிகளே, இப்போது தீனி வாங்குவது நான், தண்ணீர் மாற்றுவது முருகன், செத்தால் அழுவது செல்வி, ஆனால் மூவரும் மீன் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் கீழே இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டு, நாராயணப்பா கொடுக்கும் காப்பியையும் குடித்துவிட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது.