ஒளித்து வைத்த ஸ்லைடு

எண்பதுகளில் கோட்டைக்குப்பம் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியர். புதிதாக வந்த மேரி டீச்சர், ஸ்லைடும் கேசட்டுமாக அணுகுண்டின் வரலாற்றைக் காட்டப்போகிறார் என்றதும் ஊரே திரண்டது. எனக்கு வயிறு எரிந்தது. யாருக்கும் தெரியாமல் ஒரு ஸ்லைடை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கடலில் வெடித்த சோதனைக் குண்டின் சாம்பல், மீன்பிடிக்கப் போன ஜப்பான்காரர்கள்மேல் கொட்டியது என்றது கேசட். நான் உருவிய ஸ்லைடின் இடத்தில் திரையில் வெறும் வெளிச்சம். கேசட் அடுத்த குண்டுக்குப் போய்விட்டது.

"அந்த போட்டு இன்னாச்சு டீச்சர்? கரை சேந்துச்சா?" பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். கடலுக்குப் போன படகின் சேதி தெரியாமல் இங்கே யாரும் நகரமாட்டார்கள்.

பையிலிருந்து ஸ்லைடை எடுத்து நீட்டினேன். டீச்சர் என் சட்டைப்பையையே பார்த்தார்.

"கீழ கெடந்துச்சா சார்? நல்லவேளை, பாத்து எடுத்தீங்க."

திரையில் கரை சேர்ந்த படகு தெரிந்தது. பெண்கள் உட்கார்ந்தார்கள்.

இன்றும் எனக்கு அவர்மேல் பொறாமைதான். அப்படியொரு பொய் என் வாயில் வந்திருக்காது.