நீட்டிப் படுக்க ஒரு பெட்டி

ஊரில் அவளைத் 'தொளதொள டெய்லர்' என்பார்கள். அவள் தைத்த சட்டைக்குள் போட்டவரும் இருக்கலாம், கூடவே அவர் மச்சானும் இருக்கலாம். யார் சண்டைக்கு வந்தாலும் ஒரே பதில்தான்: "பெருசா இருந்தா உள்ள தையல் போட்டுப் பிடிச்சுடலாம். சின்னதா போனா என்ன பண்றது?" இந்தத் தத்துவத்தை உலகம் ஏற்கவில்லை. அவளும் உலகத்தைப் பெரிதாக ஏற்கவில்லை.

அவள் அளவுக்கு அடங்காத ஆள் ஒருவர்தான்: அவள் புருஷன். பஸ் கண்டக்டர், பனைமரத்துக்குக் கைகால் முளைத்த உயரம். பகலெல்லாம் பஸ் கூரைக்குக் கழுத்தை மடக்கினார். இரவெல்லாம் கட்டிலுக்குக் காலை மடக்கினார். நீளக் கட்டில் போட்டால் அறைக் கதவைச் சாத்த முடியாது. "அடுத்த வீட்டுல பெரிய கட்டில் போட்டுடலாம்" என்று ஒவ்வொரு வாடகை வீட்டிலும் அவள் வாக்குக் கொடுத்தாள். அடுத்த வீடு எப்போதும் இன்னும் சின்னதாக வாய்த்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் மனுஷன் காலை மடக்கித்தான் கண்ணை மூடினார்.

ஆகவே, சவப்பெட்டிக் கடைக்கு அவள் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டே வந்ததில் ஆச்சரியமில்லை. கூட வந்த கொழுந்தன் வாசலிலேயே ஒரு பெட்டியிடம் மனதைப் பறிகொடுத்தான். முகம் பார்க்கும் பாலிஷ், பித்தளைக் கைப்பிடி, உள்ளே வெள்ளைப் பட்டு.

"இதான் அண்ணி! நாலு பேர் பார்ப்பாங்க இல்ல?"

"நாலு பேரா உள்ள படுக்கப் போறாங்க?" நாடாவை விரித்தாள். ஒரு சாண் குறைந்தது.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "அதனால என்னம்மா? முழங்காலை லேசா மடக்கி வெச்சிடலாம். மேல பூ போட்டுட்டா யாருக்கும் தெரியாது."

"அவருக்குத் தெரியும்."

வாதம் அங்கேயே முடிந்தது. கடைக்காரர் தலையைச் சொறிந்து, பின்கட்டில் சாத்தி வைத்திருந்த பெட்டியைக் காட்டினார். பாலிஷ் இல்லாத வெறும் பலகை. ஆனால் படகு போல நீளம்.

"ஒரு பயில்வானுக்குச் செஞ்சது. டாக்டர் கைவிரிச்சதும் வீட்டுக்காரங்க அவசரப்பட்டு ஆர்டர் கொடுத்துட்டாங்க. மனுஷன் பிழைச்சுக்கிட்டார்." அந்த நஷ்டத்தை அவர் இன்னும் மன்னிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"இன்னொருத்தன் வேணாம்னு விட்டதா? அண்ணனுக்கா?" கொழுந்தன் குதித்தான்.

"ட்ரையல் பார்க்காம எதையும் நான் அனுப்பினதில்ல. உங்களுக்கும் உங்க அண்ணன் உயரம்தானே? செருப்பைக் கழட்டிட்டுப் படுங்க."

"அண்ணி! நான் பிள்ளைகுட்டிக்காரன்!"

"எந்திரிச்சு வந்துடலாம். பயில்வானே வந்திருக்கார்."

அவள் பார்வைக்கு முன் எந்த வாடிக்கையாளரும் நின்றதில்லை, அவன் எம்மாத்திரம்? முதலில் பாலிஷ் பெட்டியில் ஏறிப் படுத்தான். தலையும் குதிகாலும் ஒருசேர இடித்தன. முழங்கால் கூடாரம் போல எழும்பியது. அண்ணனின் கட்டில் கோலம் அப்படியே. அதைப் பார்த்ததும் அவனே அவசரமாக இறங்கினான். நாலு பேரைப் பற்றி அதற்குப்பின் பேச்சில்லை.

பலகைப் பெட்டியில் மெல்லப் படுத்தான். காலை நீட்டினான். இன்னும் நீட்டினான். கூரையைப் பார்த்தபடி கிடந்தவனின் கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

"தட்டல, அண்ணி."

அவள் குனிந்து, அவன் பாதத்துக்கும் பலகைக்கும் நடுவே கையை நுழைத்தாள். நாலு விரல் இடம் மிச்சம்.

"கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்கும்மா," என்றார் கடைக்காரர். "ஒரு கட்டை வெச்சுப் பிடிச்சுடவா?"

வாழ்நாளெல்லாம் பிடித்துக் கொடுத்தவள் நாடாவைச் சுருட்டி இடுப்பில் செருகினாள்.

"வேணாம், விடுங்க. அவர் தூக்கத்துல காலை ஆட்டுவார்."