சுக்கினி அடையும் என் வயிற்றெரிச்சலும்

ஜவ்வாது மலையில் ஒரு சுற்றுலா விடுதியில் பதினைந்து வருடம் தலைமைச் சமையல்காரனாக இருந்தேன். சமையல் வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல என் பெருமைகள் நிறையவே உண்டு. இது அதில் சேராது.

பாத்திரம் கழுவ வந்த செல்வி இரண்டே வருடத்தில் அடுப்படிக்கு வந்துவிட்டாள். மலையூர்க்காரி. அவள் ரசத்தை விருந்தாளிகள் கேட்டு வாங்கிக் குடிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ரசம் வைக்க யாருக்குத்தான் தெரியாது?

ஒரு நாள் காலை முதலாளி ஒரு கூடை சுக்கினியை இறக்கினார். காவலூர் பக்கம் ஒரு விவசாயி புதிதாகப் போட்டதாம். பார்க்க வெள்ளரி, சாதியில் பூசணி. மத்தியானம் பெங்களூர்க் கூட்டம் வருகிறது, நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பதார்த்தம் செய்யுங்கள், எது நன்றாகப் போகிறதோ அதைச் செய்தவர்தான் இனிமேல் மெனு போடுவது என்றார். அதுவரை மெனு போட்டவன் நான்.

காயைப் பங்கு பிரித்ததும் நான்தான். சுக்கினியைச் சாண் நீளத்தில் பறித்துவிட வேண்டும். சுரைக்காய் போட்டுப் பழகிய அந்த விவசாயி, பிஞ்சில் கைவைக்க மனம் வராமல் பாதியை முழங்கை நீளத்துக்கு விட்டுவிட்டார். தோல் முரடு, உள்ளே விதை. பிஞ்சை எல்லாம் எனக்கு எடுத்துக்கொண்டு முற்றலைச் செல்வி பக்கம் தள்ளினேன். தெரிந்தே தள்ளினேன்.

நான் சுரைக்காய் நினைப்பில் தோலைச் சீவி, பாசிப்பருப்போடு உப்பும் போட்டு வேகவைத்தேன். காய் கரைந்துபோய், கூட்டில் அதைக் கரண்டியால் தேட வேண்டியிருந்தது. அவளோ விதையை வழித்துவிட்டுத் துருவி, உப்புப் போட்டுப் பிழிந்தாள். அந்தத் தண்ணீரைக் கொட்டாமல் சாமை மாவில் ஊற்றி, வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து அடை தட்டினாள். தட்டு போன வேகத்தில் திரும்பி வந்தது, இன்னும் கேட்டு.

வந்தவர்களில் ஓர் அம்மா இத்தாலியில் இருந்தவராம். இந்தக் காய்க்குப் பூர்வீகம் மெக்சிகோ பக்கம், கடல் தாண்டி இத்தாலிக்குப் போய்த்தான் பிஞ்சிலேயே தின்னும் இந்த ரகம் உண்டானது, அங்கே பூவைக்கூட மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள், தோலை மட்டும் சீவவே மாட்டார்கள் என்றார். சீவினவன் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

முதலாளி எங்களைக் கூப்பிட்டுச் செல்வியைப் பாராட்டினார். அவள் என்னைக் காட்டினாள்.

"அண்ணந்தாங்க எனுக்குப் பெரிய காயா பாத்துக் குட்த்தாரு. எங்க ஊர்ல மதிக்கிறவங்களுக்குத்தாங்க பெரிய காய் குடுப்போம். பொடிசை எல்லாம் அவுரு வச்சிக்கினாரு. இன்னா மனசுங்க அது."

முதலாளி என் தோளைத் தட்டி, "நீ பெரிய மனுசன்யா" என்றார். மெனு அவள் கைக்குப் போனது.

சுக்கினியைத் தோலோடு சமையுங்கள், முற்றியதைத் துருவிப் பிழியுங்கள், கூட்டு வைத்தால் உப்பைக் கடைசியில் போடுங்கள். இதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வேண்டியது வேறு. கூட வேலை செய்பவர் மேல் பொறாமை வந்தால் வரட்டும், அதைப் பங்கு பிரிக்கும் கையில் காட்டாதீர்கள். நான் ஓய்வு பெற்ற பிறகும் பொங்கலுக்குப் பொங்கல் செல்வி தன் கொல்லையில் காய்த்ததிலேயே பெரிய சுரைக்காயை எனக்குக் கொண்டுவந்து தருகிறாள். நானும் வாய் திறக்காமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறேன்.