நாகபூஷணத்தின் காருக்குத் தண்ணி காட்டிய கதை

ரேடியேட்டர் மேஸ்திரின்னு ஒருத்தன் ஒலகத்துல இருக்கறது, உங்க வண்டி நடு ரோட்டுல ஆவி விடற வரைக்கும் உங்களுக்குத் தெரியாது. ஆவி விட்டதும் அவன்தான் தெய்வம். வண்டி ஆறினதும் அவன் யாரோ.

எழுபதுகள்ல திருத்தணியில அரக்கோணம் ரோட்டு மேல பட்டறை போட்டு உக்காந்திருந்தவன் நான். திருப்பதிக்குப் போற காருங்க பாதி எங்க ஊருக்கு வந்துதான் மூச்சு வாங்கும். "சூட்டோட பச்சைத் தண்ணி ஊத்தாதீங்க, இன்ஜின் விரிசல் விட்டுடும்"னு நான் கத்திகினு ஓடறதுக்குள்ள ஒரு குடம் உள்ள போயிருக்கும். நீங்களும் ஊத்தியிருப்பீங்க. மறைக்காதீங்க, நமக்குள்ள என்னா இருக்குது.

ஆனா அவங்களாவது கடையில வாங்கின காரை வெச்சுகினு என்னைப் படுத்தினாங்க. பொதட்டூர்பேட்டை நாகபூஷணம் வீட்டுலயே ஒரு காரைச் செஞ்சு எடுத்துகினு வந்து படுத்தினாரு.

வழி காட்டினா போவாதா?

நாகபூஷணம் லுங்கி நெய்யறவரு. வீட்டுலயே தறி. தறியில எது ஒடைஞ்சாலும் தானே சரி பண்ணிக்குவாரு. அந்தத் தைரியத்துல, தறி ஓட்டறவன் காரும் செய்யலாம்னு தோணிடுச்சு. மெட்ராஸ் போயி ஒரு பழைய டாக்சி இன்ஜினும் ஜீப்பு சக்கரமும் வாங்கியாந்தாரு. வீட்டுப் பின்னாடி தகரத்துல ஒடம்பு கட்டினாரு. ரெண்டு வருஷம் தறியை விட்டு எழுந்தா காரு, காரை விட்டு எழுந்தா தறி. கிண்டல் பண்றேனே தவிர, பெத்த புள்ளை மேலகூட சில பேருக்கு அவ்வளவு ஆசை இருக்காது.

ஒரு நாள் காலையில அந்தக் காரை மாட்டு வண்டியில கட்டி இழுத்துகினு பட்டறைக்கு வந்தாரு. பாத்தா இன்ஜின் பின்னாடி இருக்குது, ரேடியேட்டர் முன்னாடி இருக்குது. "ஏண்ணா இப்பிடி?"ன்னேன். "சத்தம் பின்னாடி இருக்கட்டும், அழகு முன்னாடி இருக்கட்டும்"னாரு. சரி, அழகு. ஆனா இன்ஜின்ல சூடான தண்ணி முன்னாடி போயி ஆறணும், ஆறினது திரும்பிப் பின்னாடி வரணும். அதுக்கு அவரு வீட்டுக்குக் குடிதண்ணி போடற இரும்புக் குழாயை வாங்கி, மூலைக்கு மூலை எல்போன்ற வளைவு முனை மாட்டியிருந்தாரு. சீட்டைச் சுத்தி, கதவைச் சுத்தி, கதவுக்கு மேல ஏறி எறங்கி, கடைசியா போனா போவுதுன்னு ரேடியேட்டருக்கு வந்துச்சு. எங்க ஊர்த் தேர்கூட அத்தனை முனை திரும்பாது.

"அண்ணா, ஒவ்வொரு முனையிலயும் தண்ணி முட்டிகினு நிக்கும். பைப்பை அடியில நேராப் போடணும், வளைவு கொஞ்சமா இருக்கணும்"னு பொறுமையா சொன்னேன். அவரு என்னை அதைவிடப் பொறுமையா பாத்தாரு.

"தண்ணிதானே மேஸ்திரி? வழி காட்டினா போவாதா?"

கெணத்துக்கு ஒரு இன்ஜின்

பின்னாடியே பஸ்ல வந்து எறங்கினாங்க அவரு சம்சாரம் காசியம்மா. கூட அவங்க அண்ணன். அவங்க வீட்டுல பொண்டாட்டியோட அண்ணனை 'பாவா'ன்னுதான் கூப்பிடுவாங்க. கேட்டுக் கேட்டு நானும் பாவான்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டேன். பாவாவுக்குக் கே.ஜி.கண்டிகையில நெலம், கெணறு எல்லாம் இருக்குது. கெணத்துத் தண்ணியை மேல ஏத்த ஒரு இன்ஜின்தான் இல்ல.

காசியம்மா சுத்தி வளைக்கல. வாசல்ல நின்னபடியே சொல்லிட்டாங்க: "மேஸ்திரி, நீங்களே சாட்சி. இந்த வண்டி கொதிக்காம நிக்காம மலை மேல முருகன் கோயிலுக்கு ஏறிச்சுன்னா நானும் இதுல உக்காருவேன். நடுவுல கொதிச்சு நின்னுச்சுன்னா இன்ஜினைக் கழட்டி எங்க அண்ணன் கெணத்துல மாட்டிடணும்." நாகபூஷணம் மலையைப் பாத்துக் கும்புட்டு, "முருகன் மேல ஆணை"ன்னு ஒத்துகினாரு. என்னை ஒரு வார்த்தை கேக்கல. கொதிக்கறதும் கொதிக்காததும் என் கையில இருக்குதாம், ஆணை மட்டும் அவரு போடுவாராம்!

பாவா சந்தையில மாடு புடிக்கிறவரு மாதிரி இன்ஜினைச் சுத்தி வந்தாரு, தட்டினாரு, தடவினாரு. போவும்போது என் பக்கத்துல வந்து மெதுவா சொன்னாரு:

"காரு எப்பிடியோ போவட்டும் மேஸ்திரி, இன்ஜினை மட்டும் ஜாக்கிரதையா பாத்துக்கோங்க."

வண்டிக்குக் கஞ்சி

முனைங்களை எல்லாம் அறுத்து எறிஞ்சுட்டு, லாரி ரேடியேட்டர் ஒண்ணை முன்னாடி நிறுத்தினேன். காத்து இழுக்க, லாரி டிரைவருங்க தலைக்கு மேல மாட்டிக்கற குட்டி ஃபேன் ரெண்டு. அடியில நேர்ப் பைப்பு. கதவுக்கு மேல போற பைப்பை மட்டும் நாகபூஷணம் எடுக்க வுடல. "ஏறி எறங்கறவங்களுக்குப் புடிமானம் வேணும்"னாரு. தொலையட்டும்னு வுட்டேன். பைப்பும் ரப்பர் ஓஸும் சேர்ற எடத்துல கிளிப்பு போடறேன்னு சொன்னதுக்கும் கேக்கல. கிளிப்பை நம்பாம, தறி நூலை முறுக்கிச் சுத்தி அவரே கட்டிட்டாரு. "நூல் நனைஞ்சா இறுகும் மேஸ்திரி"ன்னு எனக்கே பாடம்.

போன ஒரே வாரத்துல திரும்பி வந்தாரு. ஊருக்குப் போற வழியில நூல் இறுகல, தண்ணி ஒழுகிச்சாம். ஒழுக்கை அவரே நிறுத்திட்டாராம். ஆனா இப்போ தண்ணியே சுத்த மாட்டேங்குதாம். மூடியைத் திறந்தேன். கும்முனு கஞ்சி வாசனை. ஒரு ஊறுகா மட்டுந்தான் கொறைச்சல். தறியில ஏத்தறதுக்கு முன்னாடி பாவு நூலுக்குக் கஞ்சி போடுவாங்க, இழை பிசிறாம அறாம இருக்கணும்னு. நூல்ல பிசிறை அடக்கற கஞ்சி ரேடியேட்டர்ல ஒழுக்கை அடக்காதான்னு, வீட்டுல காய்ச்சி வெச்சிருந்ததை ஒரு குண்டான் ஊத்திட்டாரு. அது இன்ஜின் சூட்டுல இன்னொரு தரம் நல்லா வெந்து, ரேடியேட்டர்ல இருக்கற சன்னக் குழாய் அத்தனையிலயும் பசையா ஒறைஞ்சு போச்சு. மேல் தொட்டி, கீழ்த் தொட்டி ரெண்டையும் ஈயப் பத்தவெப்பைப் பிரிச்சு எடுத்து, ஒவ்வொரு குழாயா கம்பி வுட்டுச் சுரண்டினேன். வாயில வந்ததையெல்லாம் சுரண்டும்போதே சொல்லி முடிச்சுட்டேன்.

சுரண்டிகினு இருக்கறப்போ காசியம்மா வந்து நின்னாங்க, வண்டியிலயே கெடந்த காலிக் குண்டானைக் கேட்டு.

"அங்க என் பாவு கஞ்சி இல்லாம காயுது மேஸ்திரி, இங்க இவரு தகரத்துக்குக் கஞ்சி ஊத்தி வளக்கறாரு."

பாவா புடிச்ச புடி

அடுத்தாப்பல ஒரு வெள்ளோட்டம். ரேடியேட்டர் சுத்தம், கிளிப்பு என் கிளிப்பு, ஒழுக்கு இல்ல. ஆனாலும் அரக்கோணம் ரோட்டுல கொஞ்ச தூரம் போனதுமே சூடு ஏறுது. டீக்கடைக்கு முன்னாடி நிறுத்தினோம். தப்பு. டீக்கடையில இருந்த எல்லாருக்கும் திடீர்னு ரேடியேட்டர் வேலை தெரிஞ்சு போச்சு. ஒருத்தரு எண்ணெய் கம்மின்னாரு, ஒருத்தரு தெசை சரியில்லன்னாரு. எலுமிச்சம் பழம் வெச்சு ஏத்தினீங்களான்னு ஒருத்தரு கேட்டாரு.

பிரச்சினை அந்தப் புடிமானப் பைப்புதான். தண்ணி போற வழியில எந்த எடம் எல்லாத்துக்கும் உசரமோ அங்க காத்து ஏறி உக்காந்துக்கும்; தண்ணியை அந்தாண்ட வுடாது. சபைக்கு முன் வரிசையில உக்காந்துகினு வழி மறைக்கற பெரிய மனுஷன் கணக்கா. அதை நான் நாகபூஷணத்துக்கு வெளக்கிகினு இருக்கும்போதே, இன்ஜினுக்குக் காவலா பின் சீட்டுல வந்த பாவா டீ குடிக்க எறங்கறேன்னு அதே பைப்பைக் கெட்டியாப் புடிச்சுட்டாரு. ஆவி ஏறிக் கெடந்த இரும்பு. அவரு போட்ட கூச்சல்ல ரோட்டுல போன மாடு ரெண்டு மிரண்டுச்சு. நாகபூஷணம் அப்பவே, "மேஸ்திரி, அதை அறுத்துப் போடுங்க"ன்னாரு. நான் இத்தனை நாள் தொண்டை கிழிய சொன்னதை பாவாவோட கை ஒரு நொடியில சொல்லிடுச்சு.

பைப்பை அடிக்கு எறக்கி, எல்லாத்துக்கும் உசரமான எடத்துல மூடி போட்டுக் காத்தைத் தொறந்து வுட்டேன். காரு குளுகுளுன்னு ஓடுச்சு. பாவா கையில எண்ணெய் தடவிகினு, இன்ஜினையே ஏக்கமா பாத்துகினு சொன்னாரு:

"என் கெணத்துல இருந்தா இதுக்கு இந்தச் சூடு பட்டிருக்காது, பாவம்."

மூக்கைப் பொத்திகினு மலையேத்தம்

மாசக் கிருத்திகை அன்னிக்கி மலை ஏத்தறதுன்னு முடிவாச்சு. அடிவாரத்துல நான் காத்துகினு இருந்தேன். காரு வந்துச்சு. காருன்னா, காரு தெரியல. முன்னாடி பூவுதான் தெரிஞ்சுது. நாகபூஷணம் ஒரு புஷ்பக் காவடியையே கட்டி, சாமந்தியும் கதம்பமும் ஒரு துளி சந்து இல்லாம அடைச்சு, அப்பிடியே ரேடியேட்டர் மேல சாத்தியிருந்தாரு.

"அண்ணா, அதான் காரோட மூக்கு. மூக்கைப் பொத்திகினு நீ மலை ஏறுவியா?"ன்னேன். "சாமி பூவை எடுன்னு சொல்லலாமா மேஸ்திரி? காவடியை இன்னிக்கி என் காரு எடுக்குது"ன்னாரு. கண்ணுல தண்ணி நிக்குது அவருக்கு. இதுக்கு மேல என்னா பேசறது. பாவா வேற, "இருக்கட்டும் இருக்கட்டும், பக்தின்னா இப்பிடித்தான் இருக்கணும்"னாரு. அவரு பக்தியா மாட்டு வண்டியும் கயிறும் கொண்டாந்து ஓரமா நிறுத்தி வெச்சிருந்தாரு.

ஏறினோம். காசியம்மா சொன்ன சொல் மாறாம வண்டியில உக்காரல, நடந்தே வந்தாங்க. காரு போன வேகத்துக்கு அது ஒண்ணும் கஷ்டமா இல்ல. பாதி மலையில, வளைவு திரும்பறப்போ, புஸ்ஸுன்னு ஆவி. காரு நின்னுச்சு. சுத்தியும் வெந்த சாமந்தி வாசனை. போறவங்க வர்றவங்க எல்லாம், "தண்ணி பாத்தீங்களா, யாரு மேஸ்திரி இதுக்கு?"ன்னு கேட்டுட்டுப் போறாங்க. எனக்கு மானம் போவுது. ஆனா நாகபூஷணத்தைப் பாத்ததும் அதெல்லாம் மறந்துட்டேன். ரோட்டோர மதில்ல உக்காந்து, தலையில கை வெச்சுகினு, சத்தமில்லாம அழுதுகினு இருந்தாரு. ரெண்டு வருஷம் போச்சே அந்த மனுஷனுக்கு!

காசியம்மா வந்து பாத்தாங்க. காரை இல்ல, புருஷனை இல்ல, பூவை. "ஐயோ முருகா! உன் பூவை வேக வெச்சுட்டாங்களே!"ன்னு காவடியைப் பிடுங்கித் தன் தோள் மேல வெச்சுகினு, திரும்பிப் பாக்காம விறுவிறுன்னு மலை ஏறிப் போயிட்டாங்க. மூக்கு திறந்துச்சு. நான் வண்டியை ஆற வுட்டு, நிதானமா தண்ணி வுட்டு, முடுக்கினேன். அதுக்கப்புறம் மேல போயி சேர்ற வரைக்கும் ஒரு முணுமுணுப்பு இல்ல.

சாமி பாத்துட்டு வந்ததும் பாவா ஆரம்பிச்சாரு. "கொதிச்சுச்சு, நின்னுச்சு. ஆணைன்னா ஆணை. கயிறு கீழ இருக்குது." அவரு சொன்னதுல தப்பு இல்ல. நாகபூஷணம் சாவியை எடுத்து பாவாகிட்ட நீட்டிட்டாரு. காசியம்மா கையைக் குறுக்க வெச்சாங்க. "இருண்ணா. வண்டியை நிறுத்தினது யாரு? முருகன் பூவு. தகரத்து மேல ஏறி வர அவனுக்கு இஷ்டமில்ல, என் தோள் மேல வரணும்னு நெனைச்சான், வந்தான். காவடியை எறக்கினதும் இது ஏறிச்சா இல்லியா? அவன் நிறுத்தினதுக்கு வண்டி என்னா பண்ணும்?" பாவா கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்துல போட்டுகினாரு. முருகனை எதுத்துப் பேசற தைரியம் அவருக்கும் இல்ல.

நாகபூஷணம் தோள்ல இருந்த துண்டை எடுத்து முன் சீட்டைத் தொடைச்சாரு, தொடைச்சாரு, தொடைச்சுகினே இருந்தாரு. காசியம்மா துண்டை ஒதுக்கிட்டு ஏறி உக்காந்து, பொடவையைச் சரி பண்ணிகினாங்க.

"ஏன் பாத்துகினு நிக்கறீங்க, எடுங்க. எறக்கத்துலயாவது கொதிக்காதில்ல இது?"

இத்தனை வருஷ ரேடியேட்டர் தொழில்ல நான் கண்டுகினது இவ்வளவுதான்: வண்டி ஏறிட்டா அது முருகன் செயல், கொதிச்சுட்டா மேஸ்திரி செயல்.